நடுவில் நிறுத்தினால் கெடாத தொழில்

1

கவுன்சிலிலிருந்து வந்த அம்மையார் காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதற்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் குடும்பங்களை, இங்கிலாந்தில் எங்கள் ஊர்ப்பக்கம், வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒருவர் வந்து பார்க்கிறார். வரவேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. நான் சொல்லவில்லை. சொன்னால் எதையோ மறைக்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். மூன்று நாள் உட்கார்ந்து கோப்பு தயார் செய்திருந்தேன். கணக்குக்கு மஞ்சள் அட்டை, அறிவியலுக்குப் பச்சை, ஆங்கிலத்துக்கு நீலம். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் என் கையெழுத்து.

அவர் கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, பதின்மூன்று வயதான என் மகள் நித்திலாவைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?"

நித்திலா யோசிக்கவே இல்லை. "என் சித்தி. திருப்பூரில் இருக்கிறார்."

நான் அவளுக்குப் பக்கத்தில்தான், தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அம்மையார் எழுதிக்கொண்டார். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார். நித்திலா நிதானமாகச் சொன்னாள். அந்த ஊரில் பிறந்து, படித்து, ஆறு வருடம் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு விமானம் ஏறியவள் நான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று நான்தான் கேட்டேன்.

2

நித்திலாவைப் பள்ளியிலிருந்து எடுத்து இந்த அக்டோபரோடு ஒரு வருடம் ஆகிறது. ஏன் எடுத்தேன் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொல்ல இன்னும் எனக்குத் தெம்பு இல்லை.

மூன்று வாரம், தினமும் காலையில், சீருடை போட்டு, ஷூ மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டு, மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கதவு மூன்றடி தூரத்தில் இருக்கும். எழுந்திருக்க மாட்டாள். அழவும் மாட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தேன். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வகுப்பில் அவள் வாயைத் திறந்து பல மாதங்கள் ஆகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. வருகைப்பதிவைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. கடைசியில் நானும் ஒரு கடிதம் எழுதினேன். வீட்டிலேயே படிக்கவைக்கிறேன் என்று இரண்டே வரி. அதோடு பள்ளிப் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் நீங்கியது. இன்றும் காலை எட்டரை ஆனால் என் கண் அந்தப் படிக்குப் போகும்.

என் தங்கை கோகிலாவுக்கு இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் இருக்கிறாள். கணவர் சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். இரண்டு பையன்கள். இருவரையும் அவள் பள்ளிக்கு அனுப்புவதில்லை. எங்களுக்கு முன்னாலேயே, யாரையும் கேட்காமல், சர்வசாதாரணமாக நிறுத்தினாள். "போகப் புடிக்கலீங்றானுங்க்கா. சரி, ஊட்லயே இருங்கடான்னுட்டேன்." அவ்வளவுதான் அவள் எடுத்த முடிவின் முழு வரலாறு. கோப்பு கிடையாது. அட்டை கிடையாது. எந்த அம்மையாரும் வந்து தேநீர் குடிப்பது கிடையாது.

பிளஸ் டூவில் கணக்கில் தோற்றவள் அவள். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் மனதுக்குள் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

3

வீட்டிலிருந்தே செய்ய என்ன தொழில் நல்லது என்று இதைப் படிக்கும் உங்களில் சிலர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு தொழிலில் தோற்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நித்திலா வீட்டில் இருக்கிறாள் என்றால் நானும் வீட்டில் இருக்கவேண்டும். நான் பார்த்துவந்த அலுவலக வேலை போயிற்று. என் கணவருக்குக் கிடங்கில் ஷிப்ட் வேலை. இரண்டாவது வருமானம் வீட்டுக்குள்ளிருந்தே வரவேண்டும். முதலில் இட்லி மாவு அரைத்து விற்றேன். உணவுத் தொழில் என்று கவுன்சிலில் பதிந்து, சமையலறையை வந்து பார்த்து, குளிர்பெட்டியின் சூட்டைத் தினமும் நோட்டில் குறிக்கச் சொல்லி, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் மாவு பொங்கும் நேரம்தான் பிள்ளைக்கு அழுகை வரும் நேரம். பிள்ளையிடம் போனால் மாவு புளித்தது. மாவிடம் போனால் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு திருப்பூரிலிருந்து பனியன்களை வரவழைத்து இணையத்தில் விற்றேன். நித்திலா படிக்கிற மேசை, கட்டில், மாடிப்படி எல்லாம் அட்டைப்பெட்டி. "அம்மா, நான் எங்கே உட்காருவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். பாலர் பள்ளியில் ஒரு டீச்சர், பிள்ளை பேசத் தாமதமாகிறது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார். படித்தவள் அல்லவா, அப்படியே கடைப்பிடித்தேன்.

இரண்டும் ஓடாமல் போனபோது கோகிலாதான் போனில் சிரித்தாள்.

"அக்கா, புள்ளைய ஊட்ல வெச்சுக்கிட்டு செய்யற தொழிலுன்னா, நடுவால நிறுத்துனா கெட்டுப்போகாத தொழிலா இருக்கோணுங்க்கா. மாவு நிக்குமா? கஸ்டமரு நிப்பானா? மிஷினு நிக்கும். ஊசியத் துணிக்குள்ள எறக்கி உட்டுட்டு எந்திரிச்சுப் போங்க. ஒரு மணி நேரங்கழிச்சு வந்தாலும் தையலு அங்கயேதான் இருக்கும்."

அவள் செய்வது சாம்பிள் தைப்பது. பெரிய ஆர்டருக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு உருப்படி மாதிரிக்குக் கேட்பார்கள். கம்பெனிகள் அதைக் கோகிலா மாதிரி ஆட்களிடம் கொடுத்துத் தைத்து வாங்கும். ஆயிரக்கணக்கில் தைக்கும் வேலையை அவள் தொடுவதில்லை. "அது வந்துச்சுன்னா ஊடு பேக்டரி ஆயிரும்." முன்னறையில் இரண்டு மிஷின். துணி வெட்டும் மேசையில்தான் பையன்கள் படிப்பது. டேப்பை வைத்து நெஞ்சளவு, தோளளவு அளப்பதுதான் சின்னவனுக்குப் பின்னக்கணக்கு.

கேட்க எளிமையாக இருந்தது. அது எனக்கு முதலில் தோன்றாமல் போனதில் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் ஒரு பழைய மிஷின் வாங்கிப்போட்டேன். பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று தெருவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வேலை வந்தது. தொழில் நிலைத்தது. அதற்கு நன்றி சொல்லவேண்டியது தங்கைக்கு. நான் இன்னும் சொல்லவில்லை.

4

தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் வரும். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோகிலா போனை நூல்கண்டில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள். "கண்ணூ, சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?" நித்திலா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள். கதவு சாத்தப்படும். பிறகு சிரிப்பு. என்னிடம் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசாதவள், அங்கே ஒருமணி நேரம் பேசுவாள். அதுவும் தமிழில். என்னுடைய தமிழில். "ஊட்டுல யாருமில்லீங் சித்தி", "ஆமாங்", "அக்கட்டால வைங்". அந்தப் பக்கம் என்பது அவள் வாயில் அக்கட்டால. நான் கல்லூரியில் விட்டுத்தொலைத்த பேச்சு, அலுவலகத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று நாக்கிலிருந்து சுரண்டி எடுத்த பேச்சு, இங்கிலாந்தில் என் தலைக்கு மேலே, மூடிய கதவுக்குள் நடக்கிறது.

நான் துணிமணி மடித்து வைப்பதுபோல மாடிக்குப் போய் நின்றிருக்கிறேன். ஒருமுறை அல்ல.

செப்டம்பரில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நித்திலா சொன்னாள், ஒரு வருடம் சித்தி வீட்டில் போய் இருக்கட்டுமா என்று. என் கணவர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அக்டோபர் கடைசிக்குள்ள முடிவு பண்ணிக்கலாம்" என்றார். அவருக்கு எல்லாமே ஒரு தேதிதான். எனக்கு அப்படி இல்லை. ஒரு வருடம் என்று போகிற பிள்ளை, அந்த வீட்டிலிருந்து, அந்தச் சிரிப்பிலிருந்து, என் மஞ்சள் அட்டைக்குத் திரும்பி வருவாளா?

இந்த நிலையில்தான் கவுன்சில் அம்மையார் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்.

5

அவர் போன அரைமணி நேரத்தில் கோகிலாவைக் கூப்பிட்டேன்.

"ஏ கோகி, எம் புள்ளைக்கு நீ என்ன பாடம் எடுக்கற?"

"நானா? பாடமா?" சிரித்தாள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. "எனக்கென்னங்க்கா தெரியும், நான் பாடம் எடுக்க? அவதான் எனக்கு மெயிலு படிச்சுச் சொல்றா."

"என்ன மெயிலு?"

"சாம்பிள் அனுப்புனா அங்கிருந்து கமெண்ட்ஸ் வருமில்லீங்க்கா? கழுத்து அரை இஞ்சு எறக்கு, கை சுருங்குது, அது இதுன்னு. எல்லாம் இங்கிலீசு. முன்னெல்லாம் தப்புத்தப்பாப் புரிஞ்சுக்கிட்டு நாலு தடவ பிரிச்சுத் தெப்பேன். இப்ப நித்திலாப் புள்ள படிச்சுச் சொல்லிருது. வரைஞ்சும் காட்டிருது. பயலுகளுக்கும் இங்கிலீசு சொல்லிக்குடுக்கறா."

அந்தக் கமெண்ட்ஸை ஆறு வருடம் படித்தவள் நான். அதுதான் என் வேலை. வாங்குபவர் எழுதிய ஒரு வரியை வைத்து, அவர் எழுதாமல் விட்டது என்ன என்று சொல்வேன். அலுவலகத்தில் எனக்கு அதில் பேரே உண்டு.

"என்னையக் கேட்டிருக்கலாமல்ல?"

அவள் நூலை அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்களக் கேட்டா நீங்க எனக்குப் பாடம் எடுப்பீங்க்கா. அவளக் கேட்டா அவ பதிலு சொல்றா."

"அப்ப எம் புள்ளைய வேலைக்காரியா வெச்சிருக்கற."

"இருக்கட்டுங்க்கா, அப்படியே வெச்சுக்கங்க." அவளுக்குக் கோபம் வந்தாலும் 'ங்க' போகாது. "வேலக்காரிகிட்டயாச்சும் இது எப்படீன்னு கேப்பாங்க. நீங்க அவகிட்ட ஒருநாளாவது எதாச்சும் கேட்டிருக்கீங்களா? தெரியாம? நெசமாத் தெரியாம?"

நான் போனை வைத்துவிட்டேன். கேட்டிருக்கிறேன் என்று நிரூபிக்க ஒரு நாளாவது கிடைக்குமா என்று தேடினேன். ஏழு எட்டு எத்தனை என்று கேட்டிருக்கிறேன். பல் விளக்கினாயா என்று கேட்டிருக்கிறேன்.

6

அந்தக் கோபத்தோடு மிஷினில் போய் உட்கார்ந்ததுதான் தப்பு.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் மார்கரெட் என்கிற எழுபது வயதுப் பெண்மணி, ஜிப் மாற்றக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டர் மேசையில் இருந்தது. கோடு போட்டது, நீலமும் சாம்பலும். அவருடைய தங்கை கையால் பின்னியது. அந்தத் தங்கை இப்போது இல்லை. ஜிப்பை மாற்றி முடித்தேன். பிறகு, திருப்பூரில் எந்தப் பெண்ணும் செய்வதைச் செய்தேன். ஸ்வெட்டரை உள்வெளியாகத் திருப்பினேன். உள்ளே, கோடு மாறுகிற இடங்களிலும் கையின் முனையிலும், விரல் நீளத்துக்கு நூல்கள் தொங்கின.

எங்கள் ஊரில் தொங்குகிற நூலுக்குப் பெயர் பிசிறு. பிசிறோடு பெட்டிக்குள் போன உருப்படி திரும்பி வரும். அதனால் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டையில் நூல் தொங்கினால் எங்கள் கை சும்மா இருக்காது. நான் கைக்கத்தரியை எடுத்து, ஒவ்வொன்றாக, துணியோடு ஒட்ட, சுத்தமாக வெட்டினேன். வெட்ட வெட்ட மனம் கொஞ்சம் அமைதியானது என்றுகூடச் சொல்வேன். தங்கச்சியின் குரலை வெட்டுகிற மாதிரி இருந்தது.

மிஷினில் தைத்த பனியனில் அந்த நூல் குப்பை. கையால் பின்னிய ஸ்வெட்டரில் அந்த நூல்தான் பூட்டு. அது எனக்குத் தெரியாது. பின்னல் துணியின் ஊரிலிருந்து வந்தவள், எனக்குத் தெரியாது. நேராக்கலாம் என்று ஸ்வெட்டரின் கையைப் பிடித்து லேசாக இழுத்தபோது, விளிம்பு முதலில் அவிழ்ந்தது. பிறகு ஒவ்வொரு கோட்டிலும் ஒரு ஓட்டை திறந்தது. நான் பிடிக்கப் பிடிக்கப் பின்னல் வளையங்கள் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து ஓடின.

நான் கத்தியிருக்கவேண்டும். நித்திலா இறங்கி வந்தாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள், மேசைமேல் சின்ன நூல்குவியலைப் பார்த்தாள்.

"எல்லாவற்றையும் வெட்டிவிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மார்கரெட்டிடம் நானே போனேன். அவர் என்னை வீட்டுக்குள் அழைத்து, ஸ்வெட்டரை மடியில் வைத்து, ஓட்டைகளுக்குள் ஒவ்வொரு விரலாக விட்டுப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் சொன்னார்: "என் தங்கை பார்த்திருந்தால் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். நாற்பது வருடமாக அவள் பின்னியதில் ஒரு கண்ணிகூட அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்காது." சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து மிச்சம் இருந்த நீலக் கம்பளி உருண்டையையும், ஒரு கொக்கி ஊசியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டால் அப்படியே கொண்டுவாருங்கள்."

அந்த வார்த்தை என்னை வீடு வரைக்கும் துரத்தியது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்காது. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

7

நான்கு நாள் ஆயிற்று. ஸ்வெட்டரை நித்திலாதான் சரிசெய்கிறாள். முதல் நாள் ஏதோ வீடியோ பார்த்தாள், இரண்டாம் நாள் பழைய துணியில் பழகினாள், மூன்றாம் நாள் ஓட்டையின் அடியில் கொக்கியை விட்டு முதல் கண்ணியைப் பிடித்து மேலே ஏற்றினாள். நாக்கை உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு கண்ணியைத் தவறவிடும்போதெல்லாம் என் கை மேசைமேல் நகர்ந்தது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடி நகர்ந்தது. கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

நாலாம் நாள் காலை, அவள் ஒரு இடத்தில் திணறியபோது, எனக்கே தெரியாமல் கேட்டேன். "இந்த ரெண்டு கண்ணில எதுக்குள்ள நூல் போகணும்? எனக்குப் புரியவே இல்ல நித்தி."

நிஜமாகவே புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று பார்த்தாள் என நினைக்கிறேன்.

"இது அக்கட்டால போற கண்ணி. இதை உட்டுட்டா மேல எல்லாம் கோணலாயிரும்," என்றாள், தமிழில். "இங்க ஒருக்கா புடிச்சுக்கங்க. இல்ல, இழுக்காதீங்க. சும்மா புடிங்க."

சும்மா பிடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாகச் சும்மா இருந்ததில்லை.

"அம்மா," என்றாள், கொக்கியிலிருந்து கண்ணெடுக்காமல். "சித்தி ஊட்டுக்கு ஒரு வருசம் வேண்டாம். பொங்கலுக்குப் போறேன். மார்ச்ல வந்துர்றேன். மார்கரெட்கிட்ட அந்தத் தங்கச்சி பின்னுனது இன்னும் மூணு பூச்சி அரிச்சுக் கெடக்குதாம். நேத்து வாசல்ல பாத்தப்போ நான்தான் செய்யறேன்னு சொன்னேன், கேட்டாங்க, பாத்துக் குடுக்கறியான்னு."

"நான் வரட்டுமா? உங்கூட?"

"நீங்க வந்தா சித்தி ஊட்ல எல்லாத்தையும் சரி பண்ணுவீங்க." அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வலியோடு.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. திரையில் கோகிலாவின் படம், பின்னால் ட்யூப்லைட், நூல்கண்டுகள். நித்திலாவின் இரண்டு கையிலும் கம்பளி. மூக்கு நுனியால் தொட்டுப் போனை எடுத்தாள். "சித்தி, அப்புறம் கூப்புடறனுங். அம்மாவும் நானும் வேலையா இருக்கறோம்." வைத்துவிட்டாள்.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐயாயிரம் மைல் தள்ளி, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் போனை வெறித்துப் பார்க்கும் என் தங்கையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்று மாலை அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்லவேண்டும். மாலையில் சொல்கிறேன். ஒருநாள் மட்டும் இந்தச் சந்தோஷம் எனக்கே இருக்கட்டும்.

ஸ்வெட்டரின் கை முழுதாகிவிட்டது. கோடுகள் கொஞ்சம் கோணல். வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும், இது வேறு கை என்று. நித்திலா ஸ்வெட்டரை உள்வெளியாகத் திருப்பி என் மடியில் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். உள்ளே அவள் விட்டிருந்த நீல நூல்கள், விரல் நீளத்துக்கு, வரிசையாகத் தொங்கின. கைக்கத்தரி என் வலது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அவள் வரும்வரை நான் அந்த நூல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.